மகன் வீட்டில் ஆறு மாதம்: ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு நாள் எப்படிப் போகும்?

கேட்டவர் பெருந்துறைப் பக்கத்துக்காரர். நியூ ஜெர்சியில் எடிசனில் குடும்பத்தோடு இருக்கிறார். அப்பா மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா தோட்டத்தையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டவர். போன தடவை ஆறு மாதத்துக்கு என்று வரவழைத்தாராம். இரண்டாவது மாதமே, "சும்மா உக்காந்துட்டு என்னத்தப் பண்றது? டிக்கெட்டை மாத்திப் போடு கண்ணு" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை அவர்கள் நிம்மதியாக இருக்க என்ன செய்வது, எந்த மாதத்தில் கூப்பிடுவது என்பது கேள்வி.

தம்பி, நான் கோபிக்காரி. பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் நானும் வீட்டுக்காரரும் நியூ ஜெர்சியிலேயே இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம். எங்களைப் போல வந்து தங்கும் பெரியவர்கள் நிறையப் பேரிடம் பேசியும் இருக்கிறேன். உங்கள் அப்பா வாய்விட்டுச் சொன்னதைவிட, அம்மா சொல்லாமல் விட்டதை முதலில் கவனிக்கச் சொல்வேன்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலை ஐந்தரைக்கு அம்மா எழுந்துவிடுவார். காபி, டிபன், பேரனுக்குச் சாப்பாட்டு டப்பா, உங்கள் இருவருக்கும் மதியச் சாப்பாடு. ஒன்பது மணிக்கு எல்லோரும் கிளம்பினால் வீடு கப்சிப். அம்மா பாத்திரம், துணி, மாலைக்குப் பலகாரம் என்று மறுபடி அடுப்படிக்குப் போவார். அப்பா சோபாவில் உட்கார்ந்து ஊர்ச் செய்தியைக் கைப்பேசியில் இரண்டு தடவை பார்ப்பார். ஜன்னலுக்கு வருவார். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. நாற்பது வருஷம் கம்பமும் லைனுமாகச் சுற்றியவர், தோட்டத்துக்குப் போனால் நாலு பேரிடம் நின்று பேசிவிட்டு வந்தவர். மாலை ஆறு மணிக்கு நீங்கள் வரும்போது ஒருவர் வேலை செய்து அலுத்திருப்பார், இன்னொருவர் வேலையில்லாமல் அலுத்திருப்பார். நீங்கள் இதை இரண்டு பிரச்சினையாகப் பார்த்து, அப்பாவுக்கு டிவி சேனலும் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலும் ஏற்பாடு செய்கிறீர்கள். எனக்குத் தெரிந்து இது ஒரே பிரச்சினைதான். அந்த வீட்டில் இருக்கும் வேலையை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தால் பாதி சரியாகிவிடும்.

அப்பாவுக்குக் கொடுக்கும் வேலை நிஜமான வேலையாக இருக்க வேண்டும், அவர் செய்யாவிட்டால் நடக்காது என்கிற மாதிரி. பள்ளிப் பேருந்து ஒன்று. சின்ன வகுப்புக் குழந்தைகளைப் பெரியவர் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டால்தான் பல ஊர்களில் இறக்கிவிடுவார்கள். பள்ளியில் அவர் பெயரைக் கொடுத்துப் பதிந்துவிடுங்கள். பேரன் மூன்றரை மணிக்கு இறங்கி "அப்பாரு" என்று ஓடி வரும் அந்த நிறுத்தம் அவருடைய பொறுப்பு. அடுத்து காய் நறுக்குவது, துணி மடிப்பது, குப்பை வண்டி வரும் நாளுக்குத் தொட்டியை வெளியே வைப்பது. எங்கள் வீட்டுக்காரர் ஊரில் ஒரு வெங்காயம் உரித்தவரில்லை. அங்கே போய் ஒரு மாதத்தில் பீன்ஸை ஒரே அளவாக நறுக்கக் கற்றுக்கொண்டார். சொந்தக்காரர் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியமும் அதில் உண்டு என்று நினைக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் அது நின்றுவிடவில்லை.

அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் அடுப்படியில் இருந்து விடுமுறை கொடுங்கள். "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்று வாயால் சொன்னால் நடக்காது. அந்த இரண்டு நாளும் சமைப்பது நீங்களா உங்கள் மனைவியா என்பதை முதலிலேயே முடிவு செய்து, அதன்படி நடக்கவும் வேண்டும். மருமகளும் வேலைக்குப் போய் வருகிறவள், அவள் தலையிலேயே கட்டிவிடாதீர்கள். அம்மா செய்யும் வேலைக்கு நன்றி சொல்லும் பழக்கம் நம் பக்கத்து வீடுகளில் கிடையாது. இந்த ஆறு மாதத்திலாவது ஆரம்பியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அம்மா கைமணம் தெரிந்தால் அக்கம்பக்கத்தில் இட்லி மாவு, பலகாரம், குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வது என்று காசு கொடுத்துக் கேட்பார்கள். வருகை விசாவில் வந்தவர்கள் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. நல்ல மனதோடு கேட்டாலும் மறுத்துவிடச் சொல்லுங்கள். தமிழ்ப் பள்ளியில் வார இறுதியில் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகலாம். எனக்கு மிகவும் பிடித்த பொழுது அதுதான்.

இனி தோட்டம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தால் உங்கள் அப்பா அம்மா இருவருக்கும் அதைவிட நல்லது வேறில்லை. மாடிக் குடியிருப்பு என்றால் தொட்டிகள். பல ஊர்களில் பொதுத் தோட்டத்தில் சிறு துண்டு நிலம் தருகிறார்கள். குளிர்காலம் முடிவதற்குள் விசாரித்துப் பெயர் கொடுத்துவிட வேண்டும். நியூ ஜெர்சியில் உறைபனி பயம் தீர மே மாதம் பாதி ஆகும், அதற்கு முன் நாற்று நட்டால் கருகிவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றாகவே கடையில் கிடைக்கும். வெண்டை நல்ல வெயிலில் மளமளவென்று வரும். நம்ம ஊர் அவரை மட்டும் ஏமாற்றும். பகல் குறைந்தால்தான் அது பூக்கும். ஜூன் மாதத்தில் அங்கே பகல் பதினைந்து மணி நேரம். அம்மா தினமும் போய்ப் பார்ப்பார், கொடி வேலிமேல் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு பூ இருக்காது. செப்டம்பரில்தான் பூவெடுக்கும். பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் காய்க்கும் பீன்ஸ் போடச் சொல்லுங்கள்.

விதை மட்டும் ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம். உரிய சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். மான்கள் வரும், அழகாகத்தான் இருக்கும், ஒரே ராத்திரியில் மொத்தச் செடியையும் மொட்டையாக்கும். வலை கட்டியே ஆக வேண்டும். அந்த மான் மேல் இருக்கும் உண்ணி பொல்லாதது. மாட்டு உண்ணியைப் பிடுங்கிப் போட்டுப் பழகிய அம்மா அதைச் சாதாரணமாக நினைப்பார். அங்கே அது லைம் என்ற நோயைப் பரப்புகிறது. செடியில் வேலை முடிந்ததும் கால், முழங்காலின் பின்பக்கம், இடுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். இன்னொன்று, வேலிக்குக் குழி தோண்டுவதற்கு முன் 811க்குப் போன் செய்தால் நிலத்தடியில் கரண்ட், கேஸ் குழாய் எங்கே போகிறது என்று வந்து இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள். இதை அப்பாவையே கூட வைத்துச் செய்யுங்கள். லைன் வேலை பார்த்தவருக்கு அதைப் பார்ப்பதே சந்தோஷமாக இருக்கும்.

அடுப்படிக்கும் சில விஷயங்கள் உண்டு. அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டத்தில் கட்டியவை. அதனால் புகை உணரும் கருவி எங்கும் இருக்கும். அரிசியும் பருப்பும் சாதத்துக்கு வரமிளகாய், பூண்டு, கறிவேப்பிலை போட்டுத் தாளிக்கும்போது அது கத்த ஆரம்பித்தால் பழக்கமில்லாதவருக்கு நெஞ்சு படபடத்துவிடும். "என்னமோ தப்புப் பண்ணிட்டேன்" என்று அம்மா அடுத்த நாளில் இருந்து தாளிப்பையே குறைத்துவிடுவார். வந்த முதல் நாளே அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போட்டுக் காட்டுங்கள், கத்தினால் எதை அழுத்தி நிறுத்துவது என்றும் காட்டுங்கள். மாவு குளிரில் புளிக்காது. ஓவன் அடுப்பைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவர வேண்டாம். நம்முடையது 230 வோல்ட், அங்கே 120 வோல்ட். கோயமுத்தூரில் செய்த கிரைண்டரே அந்த வோல்டேஜுக்கு ஏற்றபடி அங்கே கடைகளில் கிடைக்கிறது. சந்தகை பிழியும் சின்ன அச்சை மட்டும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள், எங்கள் மகள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலை அதில்தான் விடிகிறது. கொள்ளு, கம்பு, ராகி மாவு எல்லாம் இந்தியக் கடைகளில் கிடைக்கும்.

பெட்டியில் அரிசி, கொண்டைக்கடலை, கறிவேப்பிலை, பழம், இறைச்சி வேண்டாம். இந்தியாவில் இருந்து அரிசி கொண்டுபோவதைத் தடுத்திருப்பது தானியத்தைத் தின்னும் ஒரு வண்டுக்குப் பயந்து. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம் என்பதால் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும். மற்றபடி உணவுப் பொருள் எது இருந்தாலும் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

வீட்டை விட்டுத் தாங்களாகவே நடந்து வெளியே போய் வர அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கார் இல்லாமல் ஒன்றும் நடக்காத ஊரில் பெரியவர்கள் குழந்தை மாதிரி ஆகிவிடுகிறார்கள். அப்பாவுக்கு அதுதான் மிகவும் உறுத்தியிருக்கும். முதல் வாரத்தில் லீவு போட்டு நயாகராவுக்குக் கூட்டிப் போவதைத் தள்ளிவையுங்கள். அந்த வாரம் அவர்களோடு சேர்ந்து நடந்து போங்கள்: பூங்கா, நூலகம், மளிகைக் கடை. சிக்னலில் பொத்தானை அழுத்திக் காத்திருந்து கடப்பது, வண்டிகள் வலது பக்கம் போகும் ஊரில் முதலில் இடது பக்கம் பார்ப்பது, இதெல்லாம் கால் பழகினால்தான் வரும். வீட்டு முகவரியும் உங்கள் நம்பரும் எழுதிய அட்டை இருவர் பையிலும் தனித்தனியாக இருக்கட்டும். நூலகத்துக்குள் போய் உட்கார யாரும் எதுவும் கேட்பதில்லை. உங்கள் பெயரில் அட்டை எடுத்தால் புத்தகமும் எடுத்து வரலாம், எடிசன் பக்கத்து நூலகங்களில் இந்திய மொழிப் புத்தகங்களும் இருக்கின்றன.

அந்தப் பக்கம் பூங்காவில் மாலை நேரம் நம்மைப் போலவே வந்திருக்கும் தெலுங்கு, குஜராத்தி, தமிழ்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே சிநேகிதமானவர் குண்டூர்க்காரர், மிளகாய் வியாபாரி. இவர் ஈரோட்டு மஞ்சள் மண்டி விலையைச் சொல்வார், அவர் குண்டூர் மிளகாய் விலையைச் சொல்வார், பாதித் தெலுங்கு பாதித் தமிழில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். கோயில் என்றால் பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயில் உங்களுக்குப் பக்கம். நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் 1977இல் குடமுழுக்கு நடந்த பழைய கோயில். இரண்டிலும் உணவகம் உண்டு. முருகன்தான் வேண்டும் என்றால் மேரிலாண்ட் லான்ஹமில் இருக்கிறார், ஒரு சனிக்கிழமை காரில் போய் வரலாம். காசு செலவில்லாத வெளியூர்ப் பயணம் வேண்டுமானால் நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் படகு. இலவசம், சுதந்திர தேவி சிலையை ஓரளவு கிட்டத்திலேயே பார்க்கலாம்.

ஊரோடு பேசும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் நமக்கும் நியூ ஜெர்சிக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை ஏழரை என்றால் இங்கே மாலை ஐந்து, கட்டுத்தரையில் பால் கறக்கும் நேரம். மாட்டைப் பார்த்துக்கொள்பவரை அம்மா கூப்பிட்டால் அவர் கைப்பேசியை மாட்டின் பக்கம் திருப்பிக் காட்டுவார். "சினை மாடு தீவனம் தின்னுதா? மூஞ்சியக் காட்டுங்க" என்று அம்மா கேட்பார். அந்த அரை மணி நேரம் உங்கள் வீட்டில் டிபன் தாமதமானாலும் பரவாயில்லை, அவருக்கு நாள் முழுக்கத் தெம்பு அதில்தான். மாலை நேரம் வேறு மாதிரி. ஜூன் மாதம் எட்டரை மணிக்குத்தான் பொழுது சாயும். விளக்கு வைக்கும் நேரம் எது என்று அம்மா குழம்புவார். நான் ஏழு மணிக்கு வைத்துவிடுவேன், வெயில் அடித்தாலும் சரி.

எந்த மாதம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஏப்ரல் பாதியில் வந்து செப்டம்பர் கடைசியில் திரும்புவதுதான் நல்லது. நவம்பரில் இருந்து ஜனவரி வரை நாலரை ஐந்து மணிக்கே இருட்டிவிடும், மார்ச் வரை பனியில் வழுக்கி விழும் பயத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிவரும். இரண்டாவது மாதமே டிக்கெட்டை மாற்றச் சொன்னார் என்றால், போன தடவை அவர்கள் வந்தது குளிர்காலமா என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் தோட்டம் கீழ்பவானிப் பாசனம் என்றால் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள், 120 நாள், நெல் நடவு. உங்கள் வயலுக்கு அந்தப் போகம் வரும் வருஷமாக இருந்தால் அப்பாவின் மனசு ஜூலையிலேயே ஊருக்குப் போய்விடும். அந்த வருஷம் நாலு மாதத்தோடு அனுப்பிவையுங்கள். அடுத்த வருஷம் முழுதாக இருக்கட்டும். பிடித்து வைத்து எண்ணப்படும் ஆறு மாதத்தைவிட அவர்களாகத் தேதி சொல்லும் நாலு மாதம் எவ்வளவோ மேல். திரும்பும் டிக்கெட்டின் தேதியை அவர்கள் வாயால் சொல்லவிட்டு வாங்குங்கள். கோவையில் இருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. கொச்சியோ பெங்களூரோ போய் ஏறுவதானால் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும்தானே என்று அப்பா கூச்சப்படுவார். இடையில் விமானம் மாறும்போது மொழி தெரியாமல் அலைவதற்கு அது எவ்வளவோ நல்லது.

விசா பத்து வருஷத்துக்கு இருக்கலாம், தங்கும் கெடு அதில் இல்லை. இறங்கும்போது குடியேற்ற அதிகாரி கொடுக்கும் தேதிதான் கணக்கு, பெரும்பாலும் ஆறு மாதம். ஐ-94 என்ற அந்தப் பதிவை அரசு இணையதளத்தில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிக்க வேண்டுமானால் அந்தத் தேதிக்கு முன் ஐ-539 படிவம் கொடுக்க வேண்டும்.

உடம்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வருகையாளர்களுக்கு அங்கே அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. தனியார் காப்பீட்டில் இரண்டு வகை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்தது ஒன்று, மொத்தச் செலவில் பெரும்பகுதியை ஏற்பது இன்னொன்று. முதலாவது விலை குறைவு, ஆனால் ஆஸ்பத்திரிச் செலவில் கொஞ்சம்தான் அடையும். இரண்டாவதையே வாங்குங்கள். ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் திடீரென்று மோசமாகும் நிலைக்கு மட்டும்தான் பல திட்டங்கள் தரும், அதுவும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதனால் "காலையில பாத்துக்கலாம்" என்று நெஞ்சுவலியை மூடி வைக்கும் பழக்கம் அங்கே இரட்டை ஆபத்து. அதை அப்பாவிடம் பட்டென்று சொல்லிவிடுங்கள். உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேசச் சங்கடமான விஷயம், பேசித்தான் ஆக வேண்டும்.

பல், கண் வேலை எல்லாம் ஊரிலேயே முடித்துவிட்டு வரட்டும். மாத்திரைகளைக் கடை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பெட்டியில் எடுத்து வர வேண்டும். பொதுவாக 90 நாளுக்கு மேற்பட்ட மருந்தைக் கொண்டுவரக் கூடாது என்பது விதி. மீதி மாதங்களுக்கு என்ன செய்வது என்று அங்கே ஒரு டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மாத்திரையின் கம்பெனிப் பெயரை மட்டும் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதி வைக்க வேண்டும். பாராசிட்டமாலே அங்கே அசிட்டமினோஃபென் என்ற பெயரில்தான் இருக்கிறது.

பணம். அப்பா தன் காசில் ஒரு காபி வாங்கிக் குடிக்க முடிய வேண்டும், அம்மா தன் கையால் பேரனுக்கு ஒரு சட்டை எடுக்க முடிய வேண்டும். கிளம்பும்போது ஒருவர் 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டுபோகலாம். அவ்வளவு தேவைப்படாது, கொஞ்சம் நோட்டு, வங்கியில் டாலர் ஏற்றித் தரும் பயண அட்டை ஒன்று போதும். அம்மாவுக்குத் தனியாக ஒன்று. வங்கியில் இருந்து வரும் ஓடிபிக்காக ஊர் சிம்மில் ரோமிங்கைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று எந்த மாதம் கொடுக்க வேண்டும் என்று அப்பா தன் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வரட்டும். மத்திய அரசுக்காரர்களுக்கு அது நவம்பர், மற்றவர்களுக்கு வேறாக இருக்கலாம். அது வெளிநாட்டில் இருக்கும்போது வந்தால் நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கலாம். நிலம், வங்கி விஷயத்துக்கு யாருக்காவது அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால் இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதி, கிளம்பும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்த பொது அதிகாரம் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. அந்த ஆறு மாதத்தில் ஊரில் ஒரு கல்யாணமாவது வரும், ஒரு எழவாவது விழும். நம் பக்கத்தில் எழவுக்குப் போகாமல் இருப்பது சின்ன விஷயமில்லை, கூடப் பிறந்தவர் வீடு என்றால் ஆயுசுக்கும் மனசில் நிற்கும். என் பெரியம்மா இறந்த செய்தி வந்தபோது எனக்கு அங்கே அழுவதற்குக்கூட ஆள் இல்லை. மகள் ஆபீசில் இருந்தாள். அன்று மாலை அவள் வந்ததும் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து பெரியம்மாவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள், ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு செய்தி வந்தால் அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள். ரொம்ப நெருங்கிய உறவு என்றால் உடனே திரும்பும்படி தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்கியிருப்பது நல்லது. விலை கொஞ்சம் கூடத்தான் வரும், கொடுத்துவிடுங்கள்.